மறு: போர்ட்டபிலிட்டிக்குக் ‘கையடக்கம்’ சரியா?

வணக்கம்.

> ‘கையடக்கம்’ புழக்கத்தில் உள்ள சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாங்க ஐயா. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அது சரி. நாம் பேசுவது சி மொழி நூலகங்களைப் பற்றி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்புகள். ஒரு வகைக் கணினிக்கு எழுதியதை வேறு வகையிலும் ஓடவைக்க முடிவதுதான் இங்கே போர்ட்டபிலிட்டி, அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மழைமானிக்காக நண்பர்கள் எழுதிய சிறு நூலகம், சேலத்தில் என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. மேலே ஏற்காட்டில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஏற்றியதும் கோப்பை வாசித்து முடிக்கவே இல்லை. காரணம் ஒரே வரி: ஒவ்வொரு பைட்டாக வாசிக்கும் கெட்சார் தரும் விடையை இன்ட்டில் (முழு எண் வகை) வாங்காமல் சாரில் (ஒரு பைட் வகை) வாங்கியிருந்தார்கள். என் மடிக்கணினியின் இன்டெல் லினக்ஸில் சார் குறியுள்ளது, எதிர்ம எண்ணையும் ஏற்கும். கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1 அப்படியே இருக்கும். ராஸ்பெரி பையின் ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. -1 உள்ளே போய் 255 ஆகிவிடும். அப்புறம் சுழல் எங்கே நிற்பது? இன்டெல்லிலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது: நடுவே 255 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்ததாக நினைத்துப் பாதியில் நின்றுவிடும்.

தமிழ் உரையோடு மல்லுக்கட்டும் நமக்கு இது நெருக்கமான சங்கதி. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ‘அ’ ஒன்றுக்கே 3 பைட், மூன்றும் 127ஐத் தாண்டியவை. குறியுள்ள சாரில் மூன்றும் எதிர்ம எண்கள். அவற்றை அப்படியே, வெற்றிட எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஸ்பேஸிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சி தரவரையறை பொறுப்பேற்பதில்லை.

சொல்லுக்கு வருகிறேன். ‘இடம்பெயர்வு’ என்றால் ஈழத்து நண்பர்களுக்கு அகதி முகாம்தான் நினைவுக்கு வரும். ‘தளப்பெயர்ச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சனிப்பெயர்ச்சி பலன் கேட்டு ஆள் வந்துவிடும். விளையாட்டை விடுங்கள், இலக்கணமும் இடிக்கிறது. கோள் தானே பெயர்கிறது, அதனால் பெயர்ச்சி. நிரல் தானே பெயராது. நாம்தான் உட்கார்ந்து பெயர்க்கிறோம், மொழிபெயர்ப்பைப் போல. எனவே போர்ட்டிங் ‘தளப்பெயர்ப்பு’, போர்ட்டபிலிட்டி ‘தளப்பெயர்ப்புத் தகவு’, மேலே சொன்ன வகைப் பிழை ‘பெயர்ப்பு வழு’.

அன்புடன்,
சேலத்திலிருந்து

——

மறு: மறு:

தம்பி, ‘பெயர்ப்பு வழு’ நன்று, எடுத்துக்கொள்வோம். ‘தளப்பெயர்ப்புத் தகவு’ வாயில் நுழையவில்லை. நடைமுறையில் பெயரெச்சமாகத்தானே அதிகம் கேட்கிறோம்? ‘பெயர்க்கத்தக்க நூலகம்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ஸ்ட்ரெரர்_ஆர் செயல்கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: குனு சி நூலகத்தின் வடிவம் சரத்தின் சுட்டியை (நினைவக முகவரியை) தருகிறது, போசிக்ஸ் தரவரையறையின் வடிவம் இன்ட் தருகிறது. மசல் என்ற இன்னொரு சி நூலகத்தில் இருப்பது போசிக்ஸ் வடிவம். ‘குனு வடிவத்தை நம்பிய நிரல் மசலுக்கு அப்படியே பெயர்க்கத்தக்கதல்ல’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.