பொகவந்தலாவையில வீட்டு வாசல்லயே பின் டயர் மாத்துறது

எங்க ஊர் இலங்கை மலையகத்துல. ஹட்டன் டவுனுக்குப் பைக்கைக் கொண்டுபோய் டயர் போட்டு வர்றதுன்னா எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போயிரும். அதனால வீட்டிலேயே மாத்திப் பழகிட்டோம். என்னோடது பஜாஜ் சிடி 100, பின்னுக்கு 3.00-17 அளவு, டியூப் டயர்.

முதல்ல ஒண்ணு சொல்றேன், விடியக்காலைக் குளிர்ல தொடாதீங்க. புது டயர் கட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கும், டயரை நெம்புற லிவர் வழுக்கி ரிம்மைத்தான் கீறும். வெயில் ஏறினதும் தகரத்து மேல கொஞ்ச நேரம் போட்டு வைங்க, ஓரம் இளகிரும். பிறகு ஓரத்துல சவர்க்காரத் தண்ணி பூசுங்க.

இது பலத்தால முடியிற வேலை இல்லை. ரிம்முக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. லிவர் போடுற இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்து ஓரத்தை முழங்காலால அந்தப் பள்ளத்துக்குள்ள இறக்கிப் பிடிச்சாத்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். டியூபுக்குக் கொஞ்சமா காத்து அடிச்சு, பவுடர் பூசி உள்ள விடுங்க. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வுகிட்ட முடிங்க, டியூப் கடிபடாது. டயர்ல இருக்கிற அம்புக்குறி சில்லு (வீல்) சுத்துற பக்கத்தைப் பார்க்கணும். வாங்கும்போதே ஓரத்துல இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்க: 2319ன்னா 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செஞ்சது. பழைய சரக்கைப் புதுசு விலைக்குத் தலையில கட்டுறாங்க.

ஆனா எனக்குப் பயமெல்லாம் டயர்ல இல்லை, பிரேக்லதான். பக்கத்து லயத்துத் (தோட்டத்து வரிசை வீட்டு) தம்பி ஒருத்தன், "அண்ணே, நானே மாத்திட்டேன், வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டான். டயர் அச்சா உட்கார்ந்திருந்துச்சு. செயினும் ரெண்டு பக்க அளவுக் கோட்டுக்கும் சரி. குனிஞ்சு பார்த்தா, பிரேக் தட்டைச் சுவிங் ஆர்மோட (பின் சில்லைத் தாங்குற கையோட) பிடிச்சிருக்கிற நீட்டுத் தகடு சும்மா தொங்குது, நட் சாக்குல கிடக்கு. "தம்பி, இதோடயா நோர்வூட் பக்கம் இறங்கப் போற?"ன்னு கேட்டேன். அந்த நட் இல்லாம பிரேக்கை மிதிச்சா தட்டு சில்லோட சேர்ந்து சுத்தப் பார்க்கும், சில்லு அப்படியே இறுகிப் பூட்டிக்கும். நம்ம பக்கம் வாசலைத் தாண்டினாலே இறக்கம், வளைவு, கீழ தேயிலை. அந்த நட்டை இறுக்கி ஸ்பிளிட் பின்னையும் போட்டுட்டுத்தான் அவனை விட்டேன்.

பிரேக் மிதியில இருந்து பின்னுக்குப் போற கம்பியோட (பிரேக் ராட்) நட்டையும் திரும்ப அளவு பார்த்து வைக்கணும். சில்லு கையால சுத்தும்போது உரசக்கூடாது, மிதிச்சதும் பிடிக்கணும். பிறகு பெரட்டுக்களத்துல (தோட்டத்து ஆளுங்க காலையில கூடுற வெட்டவெளியில) மெதுவா ஓடிப் பார்த்துட்டு ரோட்டுக்கு எடுங்க.

டியூப்லெஸ் டயரைக் கைப்பம்பு மட்டும் வைச்சு ரிம்ல உட்கார வைச்சவங்க இருந்தா, எப்படின்னு எழுதுங்க. மச்சானோட பைக்குக்கு அடுத்தது அதுதான் பார்க்கணும்.