செல் மாற்று சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசிய அனுபவம் உண்டா?

பொங்கோல் அப்பா:
மூத்த மகளுக்கு முதல் வகை நீரிழிவு. தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதுகூட, "இனிப்பு நிறையக் கொடுத்தீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிற நோய் இது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 2025 கடைசியில் சென்னையிலிருந்து மச்சினி ஒரு செய்தி அனுப்பினாள், எலிகளுக்கு இது குணமாகிவிட்டதாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டினேன்.

அவர் ஒதுக்கிவிடவில்லை. இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை மட்டும் மாற்றிவைப்பது 2000-லேயே கனடாவின் எட்மன்டனில் கைகூடியதாம். ஆனால் புதிய செல்களையும் உடம்பு தாக்கும்; எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நிறுத்த முடியாது. மச்சினி அனுப்பிய செய்தியில் வந்த அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவோ, எலிக்கு முதலில் லேசான கதிர்வீச்சு கொடுத்து, திட்டுகளோடு அதே கொடையாளியின் ரத்த ஸ்டெம் செல்களையும் (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்கள்) செலுத்தியது. கொடையாளியின் ரத்த செல்களும் எலியின் சொந்த ரத்த செல்களும் ஓர் உடம்பில் கலந்தபின் தாக்குதல் நின்றது. நோய் வருமுன்பே ரத்த ஸ்டெம் செல் பெற்ற எலிகளுக்கு நோயே வரவில்லை.

"அப்போ சின்னவனுக்கு?" என்றேன். "நோயே வராத பிள்ளைக்குக் கதிர்வீச்சு கொடுத்து ரத்த செல்லை மாற்றச் சொல்றீங்களா?" என்றார். நியாயம்தான். அவனுக்கு, பீட்டா செல்கள்மீது தாக்குதல் தொடங்கிவிட்டதா என்று காட்டும் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தோ பாயோவிலிருந்து, சிறுநீரகம் மாற்றியவன்:
அந்த அடக்கும் மருந்தோடுதான் என் பிழைப்பு. அண்ணன் கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. டாக்ரோலிமஸ் காலையும் இரவும். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பொமலோ தருவார். வாங்கி அப்படியே மருமகளிடம் கொடுத்துவிடுவேன், அந்தப் பழம் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். எனக்குச் சளி பிடித்தாலே வீடு பதறுகிறது. பாஸ்டனில் ஒரே கொடையாளியின் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பெற்ற சிலர் மருந்தையே நிறுத்தியதாக 2008-ல் வெளிவந்தது. அது எலி இல்லை, மனிதர்கள்! எனக்குக் காலம் கடந்த செய்தி. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

ஜூரோங் நர்ஸ்:
அண்ணே, சின்னவனுக்கு இரண்டு ஆன்டிபாடியாவது தெரிந்து, சர்க்கரையும் லேசாக ஏற ஆரம்பித்தால் டெப்லிசுமாப் பற்றிக் கேளுங்க. 14 நாள் தொடர்ந்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து. ஆய்வில் நோய் தொடங்குவதைச் சுமார் 2 ஆண்டு தள்ளிப்போட்டது. 2022-ல் அமெரிக்கா எட்டு வயது முதல் உள்ளவர்களுக்கு அனுமதித்தது. செல் எதையும் மாற்றத் தேவையில்லை. தம்பிக்கு இப்போ என்ன வயசு?