மொறிஸ் மைனர்: பகலில் சார்ஜ் ஏறுகிறது, இரவில் பற்றரி இறங்குகிறது. உதவி தேவை

உப்புவெளி மைனர்
எல்லோருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன 1963 மொறிஸ் மைனர் கார். பல வருடங்களுக்கு முன்பே பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலைக்கு லூக்காஸ் 17ஏசிஆர் ஆல்டர்னேற்றர் போட்டு, பொசிற்றிவ் ஏர்த்தையும் (வண்டி உடம்போடு பூட்டும் பற்றரி முனை) நெகற்றிவ் ஆக்கிவிட்டார். போன மாரி வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை.

இப்போது கடை பூட்டி இரவில் வரும்போது, ஹெட்லைற் போட்டதும் டாஷ்போர்ட்டின் சிவப்பு லைற் சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி மங்கலாகத் தெரிகிறது. பகலில் தெரியாது. மூன்று இரவு இப்படி ஓடினால் நாலாம் நாள் காலையில் வண்டி ஸ்ரார்ட் எடுக்காது.

புதுப் பற்றரி போட்டேன். பெல்ட் மாற்றினேன். திருத்திய ஆல்டர்னேற்றர் ஒன்றும் வாங்கிப் போட்டாயிற்று. கராஜ் பாஸ் பகலில் மீற்றர் வைத்து 13.4 வோல்ற் காட்டி, “சார்ஜ் ஏறுது தம்பி, பற்றரிதான் பிழை” என்கிறார். பற்றரி விற்றவர், “பற்றரி திறம், சார்ஜ்தான் பிழை” என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் காசு கரைகிறது.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தமோ தெரியாது. நாலைந்து தரம் செல்ஃப் அடித்தால் சோக் குமிழ் கையில் இளஞ்சூடாக இருக்கிறது. பிளாஸ்ரிக் கருகும் வாசமும் இலேசாக வரும்.

கன்னியா ரைடர்
எஞ்சின் ஓடும்போது பற்றரியின் ஒரு முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றால் ஆல்டர்னேற்றர் போச்சு என்று அர்த்தம். அந்தக் காலத்திலிருந்து இதுதான் டெஸ்ட்.

வயர்ப்பெட்டி (கிண்ணியா)
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீங்க. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேற்றரில் பற்றரியைத் திடீரென்று கழற்றினால் வோல்ற் குதிக்கும், டயோடும் ரெகுலேற்றரும் போய்விடும். நல்லதைக் கழற்றிப் பார்த்துக் கெடுத்த கதையாகிவிடும்.

உங்கள் பாஸ் பகலில் லைற் போடாமல் பார்த்திருக்கிறார். சுமை இல்லாதபோது மோசமான வயர் கூட நல்ல பிள்ளை மாதிரித்தான் நடிக்கும். லைற் போட்டபிறகுதான் அதன் குணம் தெரியும்.

அந்தச் சிவப்பு லைற்றே பாதி பதிலைச் சொல்கிறது. பல்பின் ஒரு பக்கம் பற்றரிப் பக்கத்து வோல்ற், மறுபக்கம் ஆல்டர்னேற்றரின் வோல்ற். இரண்டும் சமமானால் பல்ப் அணையும். மங்கலாக எரிகிறது என்றால் நடுவில் ஒன்றோ ஒன்றரையோ வோல்ற் எங்கேயோ தொலைகிறது. டயோட் பழுதானாலும் இப்படி எரியும்தான். ஆனால் ஆல்டர்னேற்றரை மாற்றியும் அதே மங்கல் என்றால் நான் வயரைத்தான் சந்தேகிப்பேன்.

எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைற் போட்டு, மீற்றரை இருபது வோல்ற் டிசியில் வைத்து நாலு இடத்தில் பாருங்க. ஆல்டர்னேற்றரின் பெரிய முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையில் ஒன்று. அதே பெரிய முனைக்கும் பற்றரியின் பொசிற்றிவ்வுக்கும் இடையில் ஒன்று. ஆல்டர்னேற்றர் உடம்புக்கும் பற்றரியின் நெகற்றிவ்வுக்கும் இடையில் ஒன்று. கடைசியாகப் பற்றரியிலேயே ஒன்று. பெல்ட்டில் கை படாமல் கவனம்.

சோக் குமிழ் சுடுவதைச் சும்மா விடாதீங்க. அதுக்குப் பிறகு வாறேன்.

பழைய டொக்யார்ட்காரன்
டைனமோவோடு விட்டிருந்தால் இந்தத் தலையிடியே இல்லை. நான் பார்த்த மைனர்கள் 22 அம்பியர் டைனமோவோடு மழையில், இருட்டில், வைபரும் ஹெட்லைற்றும் போட்டுக்கொண்டு கந்தளாய் போய் வந்தவைதான்.

உப்புவெளி மைனர்
ஐயா, அந்த டைனமோவை அப்பா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார், இப்போது எங்கே தேடுவது!

முதல் தரம் எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்து, ஆல்டர்னேற்றருக்கும் பற்றரிக்கும் இடையிலான இரண்டு அளவும் சுழியம் வந்து, ‘ஒரு பிழையும் இல்லையே’ என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் விளங்கியது. நேற்றிரவு ஓடவிட்டு, லைற் போட்டு எடுத்தவை:

ஆல்டர்னேற்றரிலேயே 14.2
பெரிய முனைக்கும் பற்றரி பொசிற்றிவ்வுக்கும் 1.6
உடம்புக்கும் பற்றரி நெகற்றிவ்வுக்கும் 0.3
பற்றரியில் 12.3

வயர்ப்பெட்டி (கிண்ணியா)
கூட்டிப் பாருங்க: 1.6, 0.3, 12.3. மொத்தம் 14.2. கணக்கு சரி. உங்கள் ஆல்டர்னேற்றர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பழையதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும், எறிந்துவிடாதீங்க.

பொசிற்றிவ் பக்கம் 1.6 என்பது பெரிய களவு. நல்ல வயரில் 0.2, 0.3க்கு மேல் போகக்கூடாது. டைனமோவை மாற்றியவர்கள் பழைய கட்டவுட் பெட்டியை (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தியது) எடுக்காமல், அதன் வயர்களை அங்கேயே முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றியிருப்பார்கள். 22 அம்பியருக்குப் போட்ட வயரில் 36 அம்பியர் தரும் ஆல்டர்னேற்றரைக் கோர்த்தாயிற்று, மேலே கடல் காற்று வேறு. லைற் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த முடிச்சைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் களவுபோன வோல்ற் அங்கேதான்.

இனி சோக். மைனரின் எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் எஞ்சினிலிருந்து வண்டியின் பொடிக்குப் போவது கியர்பொக்ஸ் பக்கத்துப் பின்னல் பட்டி வழியாக. அது கெட்டால் செல்ஃப் மோட்டாரின் அவ்வளவு கரண்டும் வேறு வழி தேடும். எஞ்சினிலிருந்து டாஷ்போர்ட்டுக்கு வரும் இரும்பு எது? சோக் வயர்தான். பாவம், அது ஏர்த் வயர் வேலை பார்க்கிறது. ஒரு ஆளைக்கொண்டு செல்ஃப் அடிப்பித்து, எஞ்சின் பிளாக்குக்கும் பற்றரி நெகற்றிவ்வுக்கும் இடையில் அளந்து பாருங்க.

உப்புவெளி மைனர்
நானா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

தங்கச்சியைத் திறப்பைத் திருப்பச் சொல்லி அளந்தேன், 2.4. பிறகு கட்டவுட்டைப் பார்த்தேன். முடிச்சைத் தொட்ட விரலை உடனே எடுத்தேன். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ரேப்பை உரித்தால், உள்ளே பசை உருகித் தேன் மாதிரி ஒட்டுகிறது. இரண்டு தடித்த வயரையும் வெறுமனே முறுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு. வயரின் உறையை இரண்டு அங்குலம் வெட்டியும் செப்பு கறுப்புத்தான், இன்னும் இரண்டு அங்குலம் வெட்டினேன், அப்போதும் கறுப்பு. மேலே பார்த்தால் உறை புதுசு மாதிரி!

கீழே படுத்து ஏர்த் பட்டியைப் பார்த்தேன். கையால் இழுத்ததும் பாதி இழை உதிர்ந்தது. போல்ற்றுக்குக் கீழே பெயின்ற்றும் துருவும். கழுவும்போது யாரோ அடித்த அண்டர்கோட்டுக்கு மேலேயே பூட்டியிருக்கிறார்கள்.

வயர்ப்பெட்டி (கிண்ணியா)
அந்தக் கறுத்த வயரில் ஈயம் பிடிக்காது, அதோடு சண்டை பிடிக்காதீங்க. ஆல்டர்னேற்றரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் சொலினோய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பற்றரிப் பக்க முனைக்கு நேரே புதுசாக ஒரு 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுங்க. சொலினோய்ட் ஓரத்தில் 50 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்க. அந்த வயரில் திறப்பு இல்லாமலும் கரண்ட் இருக்கும், உரசினால் நெருப்புத்தான். முனைகளை நல்ல கிரிம்ப் கருவியால் அமுக்கி, மேலே வசிலின் பூசுங்க. ஏர்த் பட்டிக்கு எமரித் தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்துப் புதுசு பூட்டுங்க. என் வண்டி என்றால் ஆல்டர்னேற்றர் தாங்கியிலிருந்து பற்றரி நெகற்றிவ்வுக்கும் தனியாக ஒன்று இழுப்பேன். உப்புவெளியில் அது ஆடம்பரம் இல்லை.

உப்புவெளி மைனர்
எல்லாம் செய்தாயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஹெட்லைற்றோடு இப்போது: ஆல்டர்னேற்றரில் 14.2, பொசிற்றிவ் பக்க இழப்பு 0.1, ஏர்த் பக்கம் 0.05, பற்றரியில் 14.05. செல்ஃப் அடிக்கும்போது 2.4 இருந்த இடத்தில் 0.3. முன்பு முனகி முனகிச் சுற்றிய எஞ்சின் இப்போது திறப்பைத் தொட்டதும் பிடிக்கிறது. சோக் குமிழ் குளிர்ந்து கிடக்கிறது.

கன்னியா ரைடர்
போன வருடம் என் வண்டியில் ‘டெஸ்ட்’ செய்த அடுத்த நாள்தான் ஆல்டர்னேற்றர் போனது. இப்போது விளங்குகிறது. சரி, ஒரு கேள்வி: அந்தச் சிவப்பு பல்பை எல்இடி ஆக்கலாமா?

வயர்ப்பெட்டி (கிண்ணியா)
வேண்டாம். அது வெறும் அடையாள லைற் இல்லை. திறப்பைப் போட்டதும் அந்த 2.2 வாற் பல்ப் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேற்றரை எழுப்புகிறது. எல்இடிக்கு அவ்வளவு கரண்ட் போகாது, எஞ்சினை உறுமவிடும்வரை சார்ஜ் தொடங்காமல் இருக்கலாம். பல்ப் பியூஸ் ஆனாலும் அதே கதை. திறப்பைப் போட்டதும் சிவப்பு எரிகிறதா என்று ஒவ்வொரு காலையும் ஒரு கண் பாருங்க.