மாலையில் பச்சை, இரவில் சிவப்பு: சிலிண்டர் மீட்டரை நம்பிய கதை

வேன்வாசி:

அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டி வேனை நிறுத்தியிருந்தோம். நான், மனைவி, அம்மா. பின்பக்கம் 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு.

அம்மாவுக்குச் சர்க்கரை. ஏழரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். உலை கொதிக்கிறது, அரிசி பாதி வெந்திருக்கிறது. சுடர் சட்டென்று குட்டையானது. பர்னரின் ஓரத்தில் நான்கைந்து துளைகளில் மட்டும் கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு அதுவும் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மீட்டர் முள் சிவப்பில் கிடக்கிறது.

ஐந்தரை மணிக்கு இதே முள் பச்சையின் நட்ட நடுவில் நின்றது. நானே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், உச்சிப்புளி போய் மாற்றுச் சிலிண்டர் வாங்கிவரலாம் என்றிருந்தவன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் பொருத்துகிற அந்தச் சின்ன வட்ட மீட்டர்தான். எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியது.

அம்மா அந்த அரைவேக்காட்டு அரிசியைத் தண்ணீர் வடித்து, சர்க்கரை நோயாளி என்பதையும் மறந்து, வாழைப்பழத்தோடு மென்று விழுங்கினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மீட்டர் பழுதா, நான் பார்த்த விதம் தவறா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் வலைக்காரன்:

படகில் மீட்டரெல்லாம் கிடையாது. தராசு உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு, 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு போன முதல் கடல் அது. தடைக்காலம் முழுக்கச் சிலிண்டர் படகிலேயே கிடந்தது. விடியற்காலை மூன்று மணிக்குத் தேநீர் போட எழுந்த பையன் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டான். எங்கள் டிரைவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் குச்சிகள் தளமெங்கும் சிதறின. அடுப்புப் பக்கம் ஒரு வாடையும் இல்லை. 'இங்கே வந்து குனி' என்றார். எஞ்சின் குழியின் மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி முகத்தில் அடித்தது.

இந்த வாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் வாசற்படி தாண்டிப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கையாவது உண்டு. படகு என்பது ஒரு கிண்ணம். கசிந்ததெல்லாம் அடியில் இறங்கித் தேங்கும். அங்கேதான் பேட்டரி, அங்கேதான் எஞ்சின். ஒரு சுவிட்ச் போடவில்லை, செல்போனைக் கூடத் தொடவில்லை. இரண்டு பேர் தார்ப்பாயின் நுனிகளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் முக்கால் மணி நேரம் விசிறினோம். எஞ்சின் ஓடாமல் படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. விடிந்த பிறகு பார்த்தால் ரப்பர் குழாயில் எலி கடித்த தடம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும், கரை வந்ததும், மீன் நிறுக்கிற தொங்கு தராசில் சிலிண்டரை மாட்டுகிறோம். எங்களுடையது 19 கிலோ நீலச் சிலிண்டர். கழுத்து வளையத்தில் காலி எடை 18.6 என்று அடித்திருக்கிறது. தராசு 23.1 காட்டினால் உள்ளே நாலரை கிலோ. அவ்வளவுதான் கணக்கு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கரையில் சும்மா கிடந்த நாட்களில் எடை குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இதை எந்த மீட்டர் சொல்லும்?

கீழக்கரை மருமகள்:

தராசு இல்லாத வீட்டுக்கு மாமியின் கை போதும்.

என் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தைய இரவு, பந்தலுக்குப் பின்னால் ஐந்து சட்டி பிரியாணி. ஒரே நேரத்தில் மூன்று பெரிய அடுப்புகள் எரிந்தன. மாமி நடந்து வந்து, ஒவ்வொரு சிலிண்டராக மேலிருந்து கீழே உள்ளங்கையைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவதில் கை நின்றது. தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில். 'இது தம் போடும்வரை வராது, மாற்றச் சொல்' என்றார். சமையல்காரர் சிரித்தார். குனிந்து பார்த்தால் அந்த நான்கு விரற்கடை உயரத்துக்கு மட்டும் இரும்பில் பனி பூத்தது போல் நீர்த்துளிகள். அதற்கு மேலே எலும்பாகக் காய்ந்திருந்தது. அந்தக் கோடு அவ்வளவு நேராக இருந்தது, யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்தது போல.

ஈரத்துணி வைத்துத் துடைத்துப் பார்க்கிற வழியை எல்லோரும் சொல்வார்கள். உள்ளே வாயு திரவமாகக் கிடக்கிற இடம் குளிர்ந்திருப்பதால் அங்கே ஈரம் தாமதமாகக் காயும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் ஐப்பசியில் துணிக்கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காய்வதில்லை, சிலிண்டரில் எது முதலில் காயும் என்று யார் காத்திருப்பது? ஒரு செம்பு வெந்நீரை ஒரு பக்கமாக ஊற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். மேலே சூடு நிற்கும், திரவம் தொடங்குகிற இடத்தில் சட்டென்று குளிரும்.

பரமக்குடி மெக்கானிக்:

எல்லோரும் கதை சொல்கிறீர்கள், பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கையால் தடவுவதை நான் ஏற்கமாட்டேன். அது அனுபவம் என்ற பெயரில் ஊகம். வலைக்காரர் சொன்ன தராசு சரி, ஆனால் ஆடுகிற படகில் நிறுத்தால் தராசு பொய் சொல்லும்.

என் அனுபவம் சிறியது. வீட்டுக்கு வந்த 14.2 கிலோ சிலிண்டரை வாசலிலேயே நிறுத்தேன், ஒன்றரை கிலோ குறைந்தது. கொண்டுவந்த பையனிடம் தராசு கேட்டேன், இல்லை என்றான். திருப்பி அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்குகிற பட்டைகளின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி மீதி மூன்று மாதம். டி 27 என்றால் 2027 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேனில் சிலிண்டரைப் படுக்க வைக்கவே கூடாது. படுத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும், சுடர் ஆள் உயரத்துக்கு எழும். பெட்டியின் அடியில் துளை வேண்டும், மேலே இல்லை, அடியில். கசிவைச் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், தீக்குச்சி வைத்துப் பார்த்தவர்களை நான் தீக்காயப் பிரிவில் பார்த்திருக்கிறேன். கசிவு என்றால் 1906-க்கு அழையுங்கள். கடலோரத்தில் அடி வளையம்தான் முதலில் துருப்பிடிக்கும், ஆகவே ஈரமணலில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி நிரப்பித் தருகிற ஆட்களிடம் போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம். பிறகு, அம்மாவுக்கு இன்சுலின் போடுவதற்கு முன்பே சோற்றை வடித்து வைத்திருக்க வேண்டும்.

வேன்வாசி:

ஐயா, நான் கேட்டது மீட்டரைப் பற்றி. குழாய் புதியது, பெட்டியின் அடியில் துளை இருக்கிறது, சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்கிறது. கடைசி வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

கீழக்கரை மருமகள்:

ஊகம் என்று சொன்ன அண்ணனுக்கு: அன்று மூன்றாவது சிலிண்டரை மாற்றினோம். கழற்றியதை மறுநாள் சமையல்காரர் வீட்டில் வைத்து எரித்தார். காலைப் பசியாறுதலுக்கு ஆப்பம் சுட்டு முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

பாம்பன் வலைக்காரன்:

ஆடுகிற படகில் யார் நிறுத்தது? ஜெட்டியில் நிறுக்கிறோம். அதே தராசில்தான் எங்கள் இறாலையும் வியாபாரி நிறுக்கிறார். அங்கே பொய் சொன்னால் எங்களுக்குத் தெரியாதா?

தொண்டிக்காரன், இப்போது டெக்சாஸ்:

வேன்வாசி, உங்கள் மீட்டர் பழுதில்லை. அது அளப்பது அழுத்தத்தை, அளவை இல்லை. உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சம் இருக்கும்வரை அது ஆவியாகிக்கொண்டே அழுத்தத்தை அப்படியே வைத்திருக்கும். நிறைந்த சிலிண்டரும் கால் சிலிண்டரும் ஒரே வெயிலில் நின்றால் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் விழும், விழ ஆரம்பித்தால் சமையல் முடியும்வரை கூடக் காத்திருக்காது. மாலை ஐந்தரைக்கு வேன் நாள் முழுக்க வெயில் குடித்திருக்கும், ஆகவே முள் இன்னும் கொஞ்சம் தெம்பாகவே நின்றிருக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். அடுப்பையும் சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இங்கே காரின் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டிகளின் முன்மூக்கில் இரண்டு தொட்டிகள் இருக்கும். உள்ளே இருப்பது புரொப்பேன். நம் ஊர்ச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும், ஆகவே இனி நான் சொல்லும் கணக்கை அங்கே அப்படியே போடாதீர்கள். காலித் தொட்டியை மாற்றித் தருகிற கடைகளும் உண்டு, நம் தொட்டியையே நிரப்பித் தருகிற இடங்களும் உண்டு. நான் முதன்முதலில் நிரப்பப் போனது ஒரு ஜூலை மதியம். பெரியவர் ஒருவர் குழாயை மாட்டிவிட்டு, வால்வின் பக்கத்தில் இருந்த மிகச் சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் அரைச்சுற்றுத் திறந்தார். கண்ணுக்குத் தெரியாத காற்று 'ஸ்ஸ்' என்று வந்துகொண்டே இருந்தது. நான் நான்கு அடி பின்வாங்கினேன். திடீரென்று அந்த ஊசித்துளையிலிருந்து வெள்ளை மூடுபனி பீறிட்டது. அந்தக் கணத்தில் பம்பை நிறுத்தினார். திருகுக்குக் கீழே உள்ளே ஒரு மெல்லிய குழாய் தொங்குகிறது, திரவம் 80 சதவீத உயரத்தைத் தொட்டதும் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியே வரும், அதுதான் அந்த வெள்ளை.

மீதி 20 சதவீதம் ஏமாற்று இல்லை. வெயிலில் திரவம் வீங்க இடம் வேண்டும். அதற்குமேல் போகாமல் தடுக்க உள்ளே ஒரு மிதவையும் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பெரியவர் மிதவையை நம்பவில்லை, மூடுபனியைத்தான் நம்பினார். புரொப்பேன் தண்ணீரில் ஏறக்குறைய பாதிக் கனம்தான், ஆகவே தண்ணீராக 47.6 பவுண்டு பிடிக்கும் தொட்டியில் 20 பவுண்டு புரொப்பேன்தான். உங்கள் ஊர் 14.2 கிலோ சிலிண்டரும் இதே குடும்பம், உள்ளே முப்பத்து மூன்று லிட்டருக்குச் சற்று மேல் இடம் இருக்கிறது.

மிச்சம் எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை. ஒரு தொட்டி தீர்ந்ததும் ரெகுலேட்டர் தானாக அடுத்ததற்கு மாறிக்கொள்ளும், சின்னக் கண்ணாடியில் சிவப்பு தெரியும். தீர்ந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு நிரப்பப் போவேன். வேனில் இடம் இருந்தால் இரண்டாவது சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் மீன்வறுவல்:

தனுஷ்கோடிப் பாதையில் மீன்வறுவல் போடுகிறேன். மேலே மெக்கானிக் சொன்ன அந்த மாற்றி நிரப்புகிற ஆளிடம் நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். பெரிய சிலிண்டரைத் தலைகீழாக ஸ்டூல் மேல் கவிழ்த்து, சின்னதைச் சாக்கில் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருந்தான். நிறுக்கவே இல்லை, 'ததும்ப ஊற்றியிருக்கிறேன்' என்று பெருமை வேறு. அன்று மதியம் மணலில் நின்ற சிலிண்டர் சீறத் தொடங்கியது. எண்ணெய்ச் சட்டியை அடுப்போடு விட்டுவிட்டு, நானும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் கடல்பக்கம் ஓடினோம். தொண்டிக்காரர் எழுதிய 20 சதவீதத்தைப் படித்தபோதுதான் எதற்காக ஓடினேன் என்று புரிந்தது. ஒரு தட்டு நகரை மீன் கருகியது.

வேன்வாசி:

தொண்டிக்காரருக்கு நன்றி. பாம்பன் அண்ணன் சொன்னபடி இன்று மண்டபத்தில் கையடக்கத் தொங்கு தராசு ஒன்று வாங்கினேன், நானூறு ரூபாய். புதுச் சிலிண்டரை மாட்டிப் பார்த்தேன். வளையத்தில் இருந்த காலி எடையைக் கழித்தால் 4.9 கிலோ. அடுப்பின் பர்னர் ஒரு மணி நேரத்தில் 150, 200 கிராம் குடிக்கிறது. எனக்குத் தேவையான கணக்கு இதுதான். எழுநூறு ரூபாய் மீட்டரைக் கழற்றவில்லை, இரவில் கசிவு பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் தராசைக் காட்டினேன். முதலில் வெண்டைக்காயை நிறுத்துப் பார்த்தார். உச்சிப்புளிச் சந்தையில் கால் கிலோவுக்கு இருபது கிராம் குறைத்துவிட்டானாம்.