கடைசல் மன்றத்தில் பொறுப்பில் இருந்தவர்களே, மனதைவிட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை குமிழ்

எங்கள் மரக் கடைசல் மன்றத்தின் போன ஆண்டுப் பொதுக்குழு. வரவு செலவு படித்தாயிற்று, டீயும் வந்தாயிற்று. "அடுத்த செயலாளர் யாருப்பா?" என்று தலைவர் கேட்டார். அதுவரை ஸ்க்யூ என்கிற சாய்முனை உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் தரையில் கிடந்த சீவல் சுருளை எடுத்து விரலில் சுற்றினார். இன்னொருவர் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

பழைய செயலாளர் சாவிக்கொத்தை லேத் மேல், அதாவது கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தின் மேல் வைத்தார். ஷெட் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வைக்கும் பீரோ சாவி, எல்லாம் ஒரே கொத்து. "முட்டி தேஞ்சு போச்சு, இனிமே முடியாதுப்பா" என்றார். யாரும் அதைத் தொடவில்லை. கூட்டம் கலைந்ததும் அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த மனிதர் ஒரு கிண்ணம் கடைந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. சனிக்கிழமை வருவார், திறப்பார், மோட்டார் பழுதானால் ஆள் தேடுவார், நோட்டில் பெயர் எழுதுவார், கூட்டுவார், பூட்டுவார். கடைசல் மேல் ஆசைப்பட்டுத்தான் அவரும் சேர்ந்தார். அது யாருக்கும் ஞாபகமே இல்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மன்றங்களில் எப்படி?

அயனாவரம் டர்னர்

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்பு லேத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் மன்றத்தில் பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சரி, சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நாள். தலைவர் செய்துகாட்டுகிறார். கட்டையைத் திருகி மாட்டும் ஃபேஸ்பிளேட்டில் பெரிய தூங்குமூஞ்சிக் கட்டை, இன்னும் உருட்டுக்கு வராதது. கழுத்தில் அடையாள அட்டை நாடா தொங்குகிறது. பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டும் என்று முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டிருக்கிறார். பேசிக்கொண்டே, லேத் ஓடும்போதே, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை நகர்த்தக் குனிந்தார். நாடா கட்டைக்கு ஒரு சாண் தள்ளி ஆடுகிறது.

நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

கட்டை சுற்றிச் சுற்றி நிற்கிற வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் "சார், கரண்ட் போயிடுச்சா?" என்றான். தலைவர் அவனுக்கும் பதில் சொல்லவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாடாவைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், கவசத்தை இறக்கினார், மறுபடி ஓட்டினார். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சேஃப்டி வந்துட்டாரா?" என்றுதான் கேட்கிறார். நாளைக்கு இதே நடந்தாலும் அமுக்குவேன். ஆனால் நான் மதிக்கிற கைக்காரர் அவர். அந்த முகம் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சுழல்கட்டை

டர்னர் ஐயா, நீங்கள் செய்தது சரியான காரியம், செய்த விதம் சரியில்லை. பிள்ளைகள் முன்னால் தலைவரை நிறுத்தினால் மன்றத்துக்குத்தான் கெட்ட பெயர். பக்கத்தில் போய் மெதுவாகத் தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் மன்றத்தில் ஒரு கிண்ணம் சக்கிலிருந்து கழன்று பறந்து டியூப்லைட்டை உடைத்தது. என் கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் பழக்கப்படுத்திக்கொண்டதைச் சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். வேகத்தை ஆளாளுக்கு வைக்க விடாதீர்கள். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000-லிருந்து 9000-க்குள் வர வேண்டும். அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. கட்டை கோணல்மாணலாக இருந்தால் இதற்கும் கீழே ஆரம்பித்து, ஆட்டம் அடங்கிய பிறகு ஏற்ற வேண்டும். சுவிட்ச் போடுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், டூல் ரெஸ்ட்டில் இடிக்கிறதா தெரியும். முதலில் ஓடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கையுறை கூடவே கூடாது, துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். லுங்கி, துண்டு, முழுக்கைச் சட்டை, வளையல், தொங்கும் பின்னல் எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. தண்டு வேலைக்கான, அதாவது கால், கைப்பிடி மாதிரி நீளக் கட்டை கடைவதற்கான ரஃபிங் கவ்ஜ் என்ற முரட்டு உளியைக் கிண்ணத்துக்குப் பிடிக்கவே கூடாது. அதன் வால்பகுதி மெலிசு, கிண்ணத்தில் மாட்டினால் ஒடிந்துவிடும். ஈட்டி மரத் தூசி சிலருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, சாதாரணத் துணி மாஸ்க் போதாது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒருவர் தனியாக எதற்கு?

ரசீதுப் புத்தகம்

பொருளாளராக இருந்தேன். ராயபுரத்தில் ஒரு அம்மா, தன் அப்பா இறந்த பிறகு அவருடைய லேத்தை மன்றத்துக்குக் கொடுத்தார். அப்பா தொட்டில் கால், கட்டில் கால் கடைந்த பழைய இயந்திரம், நல்ல கனம். ஷெட்டில் தரையைத் துளைத்து போல்ட் போட்டு நிறுத்தினோம். அப்புறம் மழையில் தண்ணீர் புகுந்தது. இடமும் போதவில்லை, உளி தீட்ட நல்ல கிரைண்டரும் இல்லை. செயற்குழுவில் தீர்மானம் போட்டு லேத்தை விற்றுவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அதுவும் நோட்டில் பதிவாகியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, சீக்கிரமே வந்து நான் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா மகனோடு வந்து நின்றார். "தாத்தா மிஷின இவனுக்குக் காட்டணும்னு கூட்டியாந்தேன்." என்னிடம் இருந்தது விற்பனை வவுச்சர்தான். எடுத்துக் காட்டினேன். வாங்கிப் படித்தார், தொகையை இன்னொரு தடவை பார்த்தார், மடித்துக் கொடுத்துவிட்டு "சரிங்க" என்றார். பையன் எங்கே எங்கே என்று கேட்கவும், தரையில் போல்ட் போட்ட ஓட்டைகளைக் காட்டி "இங்கதான் இருந்துச்சு" என்றார். குனிந்து அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது யார் எதைக் கொடுத்தாலும் ஒரு தாளில் கேட்டு எழுதி வாங்குகிறேன். விற்கலாமா, விற்பதாக இருந்தால் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று.

மூலக்கடை வாசி

ரசீதுப் புத்தகம் அக்கா சொன்னது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் தீர்மானத்தைப் போட்டவர்கள் யாரும் அந்த அம்மா முன்னால் வந்து நிற்கவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். முடிவெடுப்பது ஒரு கூட்டம், பதில் சொல்வது ஒரு ஆள்.

குமிழ், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மன்றத்தில் நடந்தது இதுதான்: தலைவர் ஊருக்குப் போனார், செயலாளருக்கு உடம்பு முடியவில்லை, வங்கியில் கையெழுத்துப் போட ஆள் இல்லை, மின்கட்டணம் கட்ட முடியாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். இருட்டில் உளி தீட்டுவது எப்படி என்று ஒரு புது உறுப்பினர் நிஜமாகவே கேட்டார்.

முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி 7 பேர் சேர்ந்தால் போதும். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர், அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். இந்த 3 ஆண்டுதான் முக்கியம். முடியும் தேதி தெரிந்தால்தான் ஒருவர் பொறுப்பை எடுக்கத் துணிவார். சாகும் வரை சாவி உன்னிடம்தான் என்றால் எவன் கை நீட்டுவான்?

அடுத்து, செயலாளர் வேலையை உடையுங்கள். அமெரிக்கக் கடைசல்காரர்கள் சங்கம் 1986-இல் தொடங்கியது. அதன் கிளை மன்றங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் போக செய்துகாட்டலுக்கு ஆள் பிடிக்க ஒருவர், நூலகத்துக்கு ஒருவர், செய்திமடலுக்கு ஒருவர், புதியவர்களுக்குக் கற்றுத்தர ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பது வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம ஏரியா கேரம் மன்றங்களையே பாருங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். நான் வளர்ந்த கேரம் மன்றத்தில் பலகை துடைப்பது ஒருவர், பவுடர் வாங்குவது ஒருவர், பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போவது ஒருவர். யாருக்கும் பதவிப் பெயர் கிடையாது, ஆனால் யார் வராவிட்டால் எது நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கரண்ட் பில் கட்ட ஒருவர், திறக்க ஒருவர், பூட்ட ஒருவர் என்று கேட்டுப் பாருங்கள், கை தூக்குவார்கள்.

பூவரசு

என் பொறுப்பு மரம் சேகரிப்பது. வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் துண்டு கேட்டு வாங்குவது, தெருவில் மரம் வெட்டினால் ஓடுவது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து கிடந்தது. பூவரசு, தூங்குமூஞ்சி, வேம்பு. மாநகராட்சி ஆட்கள் அறுத்துப் போடப் போட நாங்கள் மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். பச்சை மரத்தின் வெட்டுமுகத்தை உடனே மூடாவிட்டால் ஓரம் சீக்கிரம் காய்ந்து விரிசல் ஓடிவிடும். மெழுகு வேண்டும். கரண்ட் இல்லை, பாதிக் கடைகள் திறக்கவில்லை. திறந்த கடையில் இருந்த மெழுகுவர்த்தியை எல்லாம் வாங்கிவந்து அடுப்பில் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா கையில் குழந்தையோடு வந்து நின்றார். "கடையில ஒரு மெழுகுவத்தி இல்லங்குறான், நீ கட்டைக்குக் காச்சி ஊத்துறியா?"

மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தப் பூவரசுக் கட்டைகள்தான் அடுத்த ஆண்டு முழுக்க எங்கள் புது உறுப்பினர்கள் கைக்கு வந்தன. அதன் நடுமரம் மெருகு போட்டால் சாக்லேட் நிறத்தில் மின்னும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகு என்பார்கள், எனக்கு அக்காவின் கேள்விதான் காதில் விழும். அவருக்கு ஒரு கிண்ணம் கடைந்து கொடுக்கலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எந்த முகத்தோடு கொடுப்பது என்று தெரியவில்லை.

சுழல்கட்டை

பூவரசு தம்பி, மெழுகு மட்டும் போதாது. கட்டையை நடுக்குருத்து வழியாக நெடுக்காகப் பிளந்து வைக்க வேண்டும், குருத்தோடு விட்டால் எத்தனை மெழுகு ஊற்றினாலும் நட்சத்திர வெடிப்பு வரும். அதைவிட நல்லது, பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தை முரட்டாகக் கடைந்துவிடுவது. சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 10 அங்குலத்துக்கு ஒரு அங்குலம். சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் வைத்தால் மெதுவாகக் காயும், வளைவதும் கோணுவதும் முடிந்த பிறகு மறுபடி மாட்டி முடிக்கலாம்.

பம்பரம் டீச்சர்

சுழல்கட்டை சார், தம்பி மரம் காய வைக்க வழி கேட்கவில்லை.

நான் குமிழுக்குப் பதில் சொல்ல வந்தேன். யாரும் சாவியை எடுக்கவில்லை என்கிறீர்கள். ஹாலில் பெண்கள் யாராவது இருந்தார்களா?

நான் சேர்ந்த முதல் நாள், துப்பட்டா வேண்டாம் என்று குர்தாவோடு, முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, மூடிய ஷூ போட்டுக்கொண்டு போனேன். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர் "வாம்மா, ஒன்ன மாதிரி ஒரு ஆளுதான் தேவப்பட்டுச்சு" என்று வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார். என் கூடவே சேர்ந்த ஒரு பையனுக்கு உளி கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு பக்கத்தில் சீவல் பறக்கிறது, நான் இன்னொரு பக்கத்தில் கோடு போட்டுப் பெயர் எழுதுகிறேன். அந்தப் பெரியவர் அன்பாகத்தான் செய்தார். அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது, கோபப்படவும் முடியவில்லை.

எழுத்து வேலை மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. குமிழ் சொன்ன செயலாளரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. யார் எழுதினாலும் அவர் கைக்கு ஒரு நேரம் லேத் வர வேண்டும். இப்போது புதியவர்கள் வகுப்பு என் பொறுப்பு. முதலில் பம்பரம்தான் கடையச் சொல்கிறேன். சின்னக் கட்டை, தண்டு வேலை, ஒரு உட்காரலில் முடிந்துவிடும், கடைசியில் ஆணி அடித்துச் சாட்டை சுற்றி விட்டால் கடைந்தது நடுவாக இருக்கிறதா இல்லையா என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வகுப்பில் பதிவேடு எழுதுவது முறை வைத்துத்தான், நானும் அதில் உண்டு.

அயனாவரம் டர்னர்

சுழல்கட்டைக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மெதுவாகத் தோளைத் தொட்டிருக்கலாம் என்கிறீர்கள். ஓடுகிற லேத்தில் கை வைத்திருப்பவரைத் தோளில் தொட்டால் என்ன ஆகும்? திரும்புவார். அவர் திரும்பினால் நாடாவும் திரும்பும், கையில் உளி இருந்தால் அது கட்டையில் குத்தி மாட்டும். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அது. பேச்சு அப்புறம், மின்சாரம் முதலில். நாடாவைப் பற்றி அன்று காலையில் தனியாகவும் சொல்லியிருந்தேன், சிரித்துக்கொண்டு போனார்.

சுவரில் எழுதி ஒட்டினால் போதும் என்பதையும் ஏற்க முடியாது. எங்கள் ஷெட்டிலும் தாள் ஒட்டியிருந்தது, அதற்குக் கீழேதான் அவர் நின்றிருந்தார்.

மூலக்கடை வாசி சங்கப் பதிவையும் சட்டத்தையும் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எங்கள் மன்றத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளரைத் தலைவர்தான் நியமிக்கிறார். நியமித்தவரையே நிறுத்த எனக்கு வயதும் ஒர்க்‌ஷாப் பழக்கமும் இருந்தன. எனக்கு அடுத்து ஒரு சின்னப் பையன் வந்தால் அமுக்குவானா? அதனால் அந்தப் பொறுப்புக்கு மட்டும் பொதுக்குழுவே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், லேத்தை நிறுத்த அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எழுதிச் செயற்குழுவில் கொடுத்திருக்கிறேன். தலைவர் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார். யார் மன்றத்திலாவது இப்படி ஒரு விதி ஏற்கெனவே இருந்தால் அந்த வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள்.