கிராணி பெரியப்பாவின் பாவசங்கீர்த்தனம்

கேள்வி: மலேசியாவின் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த கிறிஸ்தவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். பாவமன்னிப்பு கேட்ட பிறகு மனபாரம் உண்மையிலேயே இறங்கியதா? தெரிந்தவர்களின் அனுபவமானாலும் எழுதுங்கள்.

முதலாமவர்: என் பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவர். மரம் சீவும் வெட்டுக்காரர்கள் ரப்பர் பால் வாளிகளோடு ஸ்டோர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பாலை நிறுத்து, பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு தேறும் என்று எழுதுவது அவர் வேலை; கூலி அந்தக் கணக்கின்படிதான். அந்தக் கருவியின் எண்ணைப் பார்ப்பதும் அவர்தான், எழுதுவதும் அவர்தான். எதிர்த்துப் பேசியவர்களுக்குக் குறைத்தார்; பெரியம்மாவின் உறவுக்காரர்களுக்கு ஏற்றினார். ஊருக்கே தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஓய்வு பெற்று நெடுங்காலம் கழித்து, ஜூலை மாதத் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போனபோது, குருவானவரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்தார். உள்ளே நடந்ததைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது. பெரியப்பாவே வீட்டில் கொட்டித் தீர்த்ததால்தான் எங்களுக்குத் தெரியும். பாவமன்னிப்புக் கொடுத்த ஃபாதர், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாராம். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்! "ஆண்டவரே மன்னித்த பிறகு பாக்கி என்ன பாக்கி?"

ஃபாதர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணில் இருப்பதுதான்: மன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் விளைவித்த கேட்டைத் தானாகச் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லூக்கா 19இல் வரி வசூலிப்பவனான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை இயேசு கேட்காமலேயே நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான். பெரியப்பா ஒரு மடங்குக்கே முனகினார்.

ஆனாலும் காலண்டர் தாளின் பின்புறம் பெயர்களை எழுத ஆரம்பித்தார். தோட்டம் கைமாறி, மரங்கள் போய், இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. ஆட்கள் சிதறிவிட்டார்கள். கண்டுபிடித்த ஒரு பாட்டி, பணத்தை அவர் முன்னாலேயே எச்சில் தொட்டு எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, அதன் பிறகு திட்டத் தொடங்கினார். வாசலில் நின்று முழுவதையும் கேட்டார் பெரியப்பா. இன்னொருவர் வாங்கவே இல்லை. "உன்னைப் பற்றி அப்போதே மாரியம்மனிடம் சொல்லிவிட்டேன் கிராணி, இனி அது எங்கள் கணக்கு இல்லை" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஃபாதருக்கும் தெரிந்திருக்காது. ஆளே அகப்படாதவர்களின் பங்கை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய வழக்கம். பெரியப்பா அதை இன்னும் ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவாராம்.

இரண்டாமவர்: நான் லூத்தரன், புராட்டஸ்டண்ட் பிரிவு. எங்கள் ஆராதனையின் தொடக்கத்தில் சபையே சேர்ந்து பாவ அறிக்கை செய்யும், போதகர் மன்னிப்பை அறிவிப்பார். பாவங்களை அறிக்கையிட்டால் ஆண்டவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9 போதும் எங்களுக்கு. பணம் கொடுத்து மன்னிப்பை முழுமையாக்குவது போன்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது.

முதலாமவர்: மன்னிப்புக்கு விலை இல்லை ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பாலுக்கு விலை இருந்ததே!

மூன்றாமவர்: அது எந்தத் தோட்டம் என்று தனிமடலில் சொல்ல முடியுமா? என் அப்பாவும் கூலிம் பக்கம் பால் மரம் வெட்டியவர். எவ்வளவு வெட்டினாலும் சம்பளம் ஏறவில்லை என்று அம்மா அவரைச் சோம்பேறி என்று ஏசிக்கொண்டே இருந்தார். அந்தத் தாளில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.