ஜான் டிங்கல்: மிச்சிகனில் அவரைப் பார்த்தவர்கள்

கேன்டனிலிருந்து:

2009 ஆகஸ்டில் ராமுலஸில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றித் தொகுதி மக்களிடம் பேச, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் டிங்கல் கூட்டியது. பேசவே விடவில்லை, ஒரே கூச்சல். அவருக்கு அப்போது 83 வயது. கத்தியவர்களுக்கும் பதில் சொல்லத்தான் பார்த்தார்.

அந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. அவரும் காங்கிரஸ் உறுப்பினர்தான். நாட்டு மக்கள் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1955இல் அவர் இறந்தார். இடைத்தேர்தலில் ஜெயித்து மகன் வந்தபோது வயது 29. அப்புறம் ஒவ்வொரு புதிய காங்கிரஸ் கூடும்போதும் அப்பாவின் மசோதாவை மறுபடி தாக்கல் செய்துகொண்டே இருந்தார். 1965இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மசோதா, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது தலைமை இருக்கையில் இருந்தவரும் அவரே. அன்று தட்டிய சுத்தியலை 2010 மார்ச்சில் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசியிடம் கொடுத்தார். ஒபாமாவின் சட்டம் நிறைவேறிய இரவில் பெலோசி கையில் இருந்தது அதுதான். டிவியில் பார்த்தபோது எனக்கு மகனைவிட அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

ஆன் ஆர்பரிலிருந்து:

எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு. 2002இல் தொகுதி எல்லைகள் மாறி எங்கள் ஊர் அவரிடம் போனது. உட்கட்சித் தேர்தலில் நான் அவரை எதிர்த்து நின்ற லின் ரிவர்ஸுக்காக வேலை செய்தேன், ஜெயித்தது டிங்கல். கார்களின் மைலேஜ் விதியைக் கடுமையாக்க அவர் பல வருஷம் விடவில்லை. ஃபோர்டை நம்பி வாழும் டியர்பார்ன் அவருடைய ஊர், காரணம் புரிகிறது. ஏற்க முடியவில்லை. ஒரு கூட்டத்தில் அவரிடமே கேட்டேன். மழுப்பாமல், என் முகத்தைப் பார்த்து, தொழிற்சாலை வேலைகளைப் பற்றிப் பேசினார். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் வருஷச் சட்டத்தைச் சபையில் கொண்டுவந்தவரும் இதே மனிதர்தான்.

டிரென்டனிலிருந்து:

மேலே எழுதியவர் ஒருமுறை எங்கள் ஊர் ஆற்றங்கரைக்கு வர வேண்டும். 2001இல் டிங்கலின் முயற்சியால் உருவான டிட்ராய்ட் ஆற்று வனவிலங்குப் புகலிடம் இங்கே இருக்கிறது. பழைய கிரைஸ்லர் ஆலை இருந்த நிலத்தைச் சுத்தம் செய்துதான் அதன் நுழைவாயிலை அமைத்தார்கள். பக்கத்தில் ஹம்பக் சதுப்பு நிலம். அதையும் வீட்டுமனையாக்கப் பார்த்தார்கள், ஊர் மக்கள் விடவில்லை. டிங்கல் வாத்து வேட்டைக்காரர். இங்கே ஒரு விழாவில் பார்த்தபோது, அரசியலை விட்டுவிட்டு வாத்துகளைப் பற்றியே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

2015 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 59 வருஷம்! காங்கிரஸில் அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. 2019 பிப்ரவரியில் இறந்தார். புகலிடத்தின் பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். காங்கிரஸில் அவர் இடத்துக்கு மனைவி டெபி வந்தார். 1933இல் அப்பா போய் உட்கார்ந்ததிலிருந்து மிச்சிகன் சார்பில் ஒரு டிங்கல் அங்கே இருந்துகொண்டே இருக்கிறார்.